இணையத்தில் ஒரு குடிக்கூலி வீடு

1937-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்க் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஏககாலத்தில் கதவு திறந்தது. சென்னைக்கும் ரங்கூனுக்கும் சமமான ஸ்தானம் காரைக்குடிக்கு எங்ஙனம் கிடைத்தது என்று வியப்பவர்கள் செட்டிநாட்டின் சரித்திரம் அறியாதவர்கள். அந்தப் பாங்கி பிறப்பதற்கு வெகுகாலம் முன்னரே இச்சீமையின் நகரத்தார்கள் பர்மா, மலாயா, இலங்கை முதலிய தேசங்களில் கொடுக்கல் வாங்கல் நடத்தி வந்தார்கள். இங்கே ஓர் உண்டியல் எழுதினால் கடலுக்கு அப்பால் பணம் கைமாறும். அக்கரைக்குப் பணம் செலுத்துவது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கைவந்த காரியம்.

அத்தகைய சீமையின் ஓரத்தில், சிங்கம்புணரியில் இருந்துகொண்டு, இன்று ஒருவர் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு மாதம் 3 டாலர் செலுத்த முயன்றால், பல சமயங்களில் அது முடியாமற் போகிறது. பணம் இல்லாமை அன்று காரணம். பணம் போவதற்குப் பாதை இல்லாமையே காரணம். கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும் இந்த விஷயத்தைப் பற்றி இவ்வாரம் நேயர்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

எதற்காக அந்த 3 டாலர்? இணையத்தில் நமக்கென்று ஓர் இடம் வேண்டுமானால், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இரவும் பகலும் அணையாமல் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்றில் நமது எழுத்தும் படமும் தங்கியிருக்க வேண்டும். யார் எந்நேரத்தில் வந்து கேட்டாலும் அது எடுத்துக் கொடுக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மூலையை நமக்கு ஒதுக்கித் தருவதைத்தான் ‘ஹோஸ்டிங்’ என்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டரில் பல நூறு பேர் குடியிருப்பதும் உண்டு. நம் பாஷையில் சொன்னால், அது ஒரு குடிக்கூலி வீடு.

முகநூலிலும் வாட்ஸப்பிலும் காசில்லாமல் எழுதலாமே, குடிக்கூலி வீடு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அவை ஊர்ச் சாவடியைப் போன்றவை. சாவடியில் உட்கார்ந்து பேசலாம். பெட்டி படுக்கையை வைத்துவிட்டு வர முடியாது. நேற்று எழுதியதை இன்று தேடினால் அகப்படுவது கஷ்டம். நமது ஊரில் தென்னை நாரைக் கயிறாகத் திரிப்பவர்கள் இருக்கிறார்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் அடிக்கும் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் வரலாற்றையும், பாரி ஆண்ட பறம்பு என்று போற்றப்படும் பிரான்மலையின் கதைகளையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய சரக்கின் விலைப் பட்டியலும், அந்த நோட்டுப் புத்தகங்களும், பத்து வருஷம் கழித்துத் தேடினாலும் அதே விலாசத்தில் அகப்பட வேண்டுமானால், ஒரு தனி இடம் அவசியந்தான்.

சொற்ப வருமானமுள்ளவர் இந்தக் காரியத்தில் இறங்கும்போது முதலில் ஏமாறுவது இடத்தின் அளவில். ‘100 ஜிகாபைட்’, ‘எல்லையற்ற இடம்’ என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குப் போடுவது நமது தொழிற் பழக்கம். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

இன்று வழங்கும் யூனிகோடு முறையில் ‘அ’ என்ற எழுத்துக்கு 3 பைட் இடம் வேண்டும். ‘கூ’ என்பதற்கு, ககரத்துக்கு 3, அதன் கொம்புக்கு 3, ஆக 6 பைட் வேண்டும். ஏறக்குறைய 2,500 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரை 75,000 பைட்டுக்குள் அடங்கிவிடும். வாரந்தவறாமல் பத்து வருஷம் எழுதினால் 520 கட்டுரைகள். அவையனைத்தும் சேர்ந்து 40 மெகாபைட் கூட ஆவதில்லை! கைபேசியில் எடுத்த புகைப்படம் ஒன்றோ 3 அல்லது 4 மெகாபைட் ஆகிவிடுகிறது. அதாவது, ஒரு படம் 40 கட்டுரைகளின் இடத்தை விழுங்குகிறது. படத்தைச் சுருக்கி ஏற்றினால் 200 கிலோபைட்டில் அடக்கிவிடலாம். பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கயிற்றுக் கடைக்கோ கோயில் வரலாற்றுக்கோ 100 மெகாபைட் தாராளம். ஒற்றை அறையில் வாழக் கூடியவருக்கு அரண்மனையை வாடகை பேசுவதுதான் அந்த விளம்பரங்கள் செய்யும் வேலை.

இரண்டாவது ஏமாற்றம் விலையில். ஒரு விளம்பரம் ‘மாதம் 99 ரூபாய்’ என்று கொட்டை எழுத்தில் சொல்லுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே பொடி எழுத்தில், 48 மாதத் தொகையை முன்னதாகச் செலுத்தினால் மட்டுமே இந்த விலை என்றிருக்கும். 99-ஐ 48-ஆல் பெருக்கினால் 4,752 ரூபாய். அதன்மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18 வீதம் 855 ரூபாய் சொச்சம். ஆகவே, 99 ரூபாயை எடுத்துக்கொண்டு போனவர் 5,607 ரூபாய் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதுவும் முதல் தவணைக்கு மட்டுமே. தவணை முடிந்து புதுப்பிக்கும்போது சலுகை மறைந்து, விலை இரண்டு மூன்று மடங்காக ஏறுவது இத்தொழிலில் சாதாரணம். முதல் வருஷத்து விலையைப் பார்த்து வீடு பிடிப்பவர், இரண்டாம் வருஷத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

டாலரில் விலை சொல்லும் கம்பெனிகளிடம் மற்றொரு சங்கடமும் உண்டு. 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாலருக்கு ஏறக்குறைய 45 ரூபாய். 2022 ஜூலையில் அது 80 ரூபாயைத் தொட்டது. மாதம் 5 டாலர் என்ற வாடகையைக் கம்பெனிக்காரர் ஒரு காசும் உயர்த்தாமல் வைத்திருந்தாலும், 225 ரூபாய் கொடுத்து வந்தவர் 400 ரூபாய் கொடுக்கும்படி ஆயிற்று. இதற்குமேல் அந்நிய நாணய மாற்றத்துக்கென்று பாங்கி பிடிக்கும் கழிவு வேறு. சம்பளம் ரூபாயிலும் வாடகை டாலரிலும் இருந்தால், இடையில் நசுங்குவது குடும்பந்தான்.

இனி, பணம் போகும் பாதைக்கு வருவோம். நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்த பெண்ணொருத்தி பட்டம் பெற்றபின், கயிறு திரிக்கும் தகப்பனாரின் சரக்குக்கு ஒரு வலைத்தளம் அமைக்க விரும்பினாள். பெயரைச் சொல்ல வேண்டாத வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் விலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவளிடம் இருந்த ரூபே கார்டை மூன்று தடவை அந்தக் கம்பெனி மறுத்துவிட்டது. தகப்பனாரும் மகளும் நம்மிடம் வந்தார்கள். “வாத்தியாரய்யா, காசைக் கையிலே வச்சுக்கிட்டுக் கடைவாசல்லே நிக்கிறோம், கடைக்காரன் வாங்க மாட்டேங்கிறானே!” என்றார் தகப்பனார். இந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

2014 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தொடங்கிய ஜன்தன் திட்டத்தினால் கோடிக்கணக்கான ஏழை எளியவர்களுக்குப் பாங்கிக் கணக்கும் ரூபே கார்டும் கிடைத்தன. உள்நாட்டில் அந்தக் கார்டு நன்றாகவே உழைக்கிறது. ஆனால் வெளிநாட்டு வலைத்தளங்கள் பல அதனை ஏற்பதில்லை. வேறு வகைக் கார்டு வைத்திருப்பவருக்கும் சிக்கல் உண்டு. ரிசர்வ் பாங்கியின் உத்தரவுப்படி, 2020 மார்ச் முதல் புதிதாகக் கொடுக்கப்படும் எந்தக் கார்டும் முதலில் இந்தியாவுக்குள், ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே செல்லும். இணையத்தில் செலவழிக்கவும் அந்நிய தேசத்துக்குச் செலுத்தவும் வேண்டுமானால், கார்டுக்கு உரியவரே பாங்கியின் செயலியிலோ கிளையிலோ அந்தக் கதவைத் திறந்துகொள்ள வேண்டும். இதை அறியாமல் கார்டு கெட்டுவிட்டது என்று வருந்துபவர்கள் அநேகர்.

மாதாமாதம் தானே பணத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் 2021 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் புது விதி வந்தது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகக் கணக்குக்காரருக்கு அறிவிப்பு வர வேண்டும். அவர் சம்மதம் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஆயத்தமாகாத வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் செல்ல வேண்டிய தவணைகள் அந்த மாதத்தில் தவறிப்போயின. தவணை தவறினால் வலைத்தளம் இருட்டடித்துவிடும். இந்த விதிகளை நாம் குறை கூறவில்லை. அறியாத ஜனங்களின் பணம் அவர்கள் தூங்கும்போது களவு போகாமலிருக்கவே இவை ஏற்பட்டன. ஆனால் விதி இருப்பதை அறிந்து, அதற்கேற்றபடி நடப்பது நமது பொறுப்பு.

செட்டிநாட்டில் இதற்கு ஒரு குறுக்கு வழி வழக்கத்தில் இருக்கிறது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் மருமகனிடமோ மைத்துனனிடமோ சொல்லி, அவருடைய கார்டில் கட்டச் செய்வது. உறவின் அருமையை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆயினும் கார்டு அவருடையது, கணக்கு அவர் பெயரில், அறிவிப்புக் கடிதம் போவது அவருடைய மின்னஞ்சலுக்கு. மூன்று வருஷத்தில் கார்டு காலாவதியாகும். அவர் வேலை மாறுவார். அறிவிப்பைக் கவனிக்காமல் விடுவார். அப்புறம் இங்கே இருப்பவர், சாவி இல்லாத வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியதாகும். 200 ரூபாய்க்கு வருஷந்தோறும் மாப்பிள்ளைக்கு நினைவூட்டுவதும் மாமனாருக்கு அழகன்று.

நேரான வழி ஒன்று இருக்கிறது. 2016 ஏப்ரலில் அறிமுகமான யூ.பி.ஐ. என்னும் ஏற்பாட்டில், கடன் கார்டு எதுவும் இல்லாமல், சாதாரண சேமிப்புக் கணக்கிலிருந்தே பணம் செலுத்தலாம். டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்கும் அதே வழி. 2018 செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய அஞ்சலகப் பேமெண்ட்ஸ் பாங்கியில் கணக்கு வைத்திருப்பவருக்கும் அது கிடைக்கிறது. நமது தேசத்து ஹோஸ்டிங் கம்பெனிகளும், இந்தியாவில் ரூபாய்க் கணக்கு வைத்து வியாபாரம் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனிகள் சிலவும் யூ.பி.ஐ.யை ஏற்கின்றன. ஆகவே, கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் கட்ட வழி தேடுவதை விட்டு, நம்மிடம் உள்ள வழியை ஏற்பவர் யார் என்று முதலில் தேட வேண்டும். விலையைப் பார்ப்பதற்கு முன், பணம் கட்டும் பக்கம் வரை சென்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அங்கே யூ.பி.ஐ. இல்லையேல், விலை எவ்வளவு மலிவாயினும் அது நமக்குக் கடையன்று.

“இலவசமாகவே இடம் கிடைக்கிறதாமே?” என்று கேட்பவர்களுக்கு இரண்டு சரித்திரங்களைச் சொல்ல வேண்டும்.

1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற ஸ்தாபனம், கேட்டவர்க்கெல்லாம் காசின்றி வலைத்தளம் வைக்க இடம் கொடுத்தது. உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் அங்கே குடியேறினார்கள். 1999-இல் யாஹூ கம்பெனி அதனை வாங்கியது. 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. அன்பர்கள் சிலர் ஓடோடிச் சென்று அள்ளி எடுத்துக் காப்பாற்றியவை தவிர, மற்றவை யாவும் மறைந்தன. மற்றொன்று பெயரைப் பற்றியது. பசிபிக் சமுத்திரத்தில் டோகெலாவ் என்று மூன்று சிறு பவளத் தீவுகள். ஜனத்தொகை சுமார் 1,500. அத்தீவுகளுக்குரிய ‘டாட் டீகே’ என்ற பின்னொட்டை ஒரு கம்பெனி உலகத்தாருக்கெல்லாம் இலவசமாக வழங்கியது. ஒரு சமயம் உலகத்தின் மிகப் பெரிய தேசப் பின்னொட்டுக்களுள் ஒன்றாக அது விளங்கிற்று. மோசக்காரர்களும் அதில் கூட்டங் கூட்டமாகப் புகுந்தார்கள். 2023-இல் வழக்கு வந்தது. புதுப் பதிவுகள் நின்றன. 2024 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி இத்தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அதை நம்பிப் பெயர்ப்பலகை எழுதியவர் பாடு என்னவென்று சொல்லவும் வேண்டுமோ?

ஆகையால் இலவசமே கூடாது என்று முடிவு கட்ட வேண்டாம். 1999-இல் பிறந்து 2003-இல் கூகுளிடம் சேர்ந்த பிளாக்கரில் இன்றும் காசின்றி எழுதலாம். 2008-இல் தொடங்கிய கிட்ஹப் பேஜஸ் என்ற இடத்தில் 1 ஜிகாபைட் வரை வைத்துக்கொள்ளலாம். மேலே போட்ட கணக்கின்படி நமது பத்து வருஷத்து எழுத்தைப்போல் 25 மடங்குக்கு அது இடங் கொடுக்கும். அங்கே வேலை செய்யச் சற்றுப் பயிற்சி வேண்டும். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொடுத்துவிடும். பணம் வாங்கிச் சரக்கு விற்கும் கடையை அங்கே நடத்த விதி இடந்தராது. எழுத்தும் படமும் விலாசமும் வைக்கத் தடையில்லை. இவ்விரண்டிலும் நாம் தனியே வாங்கிய சொந்தப் பெயரைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதுதான் முக்கியம்.

சொந்தப் பெயர் என்றோம். இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்ததன் சாரம் அதுவே. வீடு வேறு, பெயர் வேறு. வீடு வாடகைக்குரியது, இன்று இங்கே, நாளை வேறிடம். பெயரோ, வாசலில் தொங்கும் பலகையைப் போன்றது. பலகை நம்முடையதாக இருந்தால், அதை எந்த வீட்டு வாசலிலும் மாட்டலாம். வருகிறவர் தேடி வந்துவிடுவார். இலவச வீடு நாளையே மூடப்பட்டாலும், சொந்தப் பெயர் உள்ளவர் தம் சாமான்களை வேறோரிடத்தில் இறக்கி, பெயரை அங்கே திருப்பிவிட்டால், வழக்கமாக வருகிறவர்களுக்கு வீடு மாறியதே தெரியாது. ஜியோசிட்டீஸ் மூடியபோது மிகுதியும் நஷ்டப்பட்டவர்கள், வீட்டுக்காரர் கொடுத்த விலாசத்தையே தம் விலாசமாக ஊரெங்கும் சொல்லி வைத்தவர்கள்.

ஆகவே கையிலுள்ள பணம் சொற்பமாயின், அதை வீட்டுக்குச் செலவழிக்காமல் பெயருக்குச் செலவழியுங்கள். ‘டாட் இன்’ என்ற பின்னொட்டை 2003-இல் அமைந்த நிக்ஸி என்ற நமது தேசத்து ஸ்தாபனம் நிர்வகிக்கிறது. 2005 முதல் பொதுஜனங்கள் எளிதில் பெறும்படி அது திறந்துவிடப்பட்டது. அதனை விற்கும் பதிவாளர்கள் பலர் ரூபாயில், யூ.பி.ஐ. வழியாக வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு தடவையில் பத்து வருஷம் வரை பதிவு செய்யலாம். தமிழெழுத்திலேயே ‘.இந்தியா’ என்ற பின்னொட்டும் உண்டு, அவ்வாறே ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்பனவும் உண்டு.

பெயர் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பக்கத்து ஊரில் நாம் அறிந்த வியாபாரி ஒருவர், வலைத்தளம் அமைத்துக் கொடுக்க முன்வந்த இளைஞரிடம் தொகையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். இளைஞர் பெயரைத் தம் கணக்கில், தம் மின்னஞ்சலில் பதிவு செய்தார். பிறகு வேலை கிடைத்து வெளியூர் போனார். கைபேசி எண்ணும் மாறியது. கெடு முடிந்தது. நினைவூட்டுக் கடிதங்கள் வந்தன. ஆனால் வியாபாரிக்கு வரவில்லை. சில மாதங்களுக்குப் பின், ரசீதுகளிலும் துணிப்பைகளிலும் அச்சிட்டிருந்த அந்த விலாசத்தைத் திறந்தால், சூதாட்ட விளம்பரம் தெரிந்தது! யாரோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இளைஞர் வஞ்சகர் அல்லர். வியாபாரி கஞ்சரும் அல்லர். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நிலம் வாங்கினால் பத்திரம் யார் பெயரில் என்று நாலு தடவை கேட்கிறோம். இதற்கும் அப்படிக் கேட்க வேண்டும்.

‘டாட் காம்’ முதலிய பெயர்களுக்கு, கெடு முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் பதிவாளர் அறிவிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கெடு தவறிப் பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் மீட்கும் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைப்போல் பல மடங்கு. அடகு நகையை ஏலத்தறுவாயில் மீட்பதற்கு ஒப்பானது அது. ஆதலின், அறிவிப்பு வரும் மின்னஞ்சல் நாம் தினம் திறந்து பார்ப்பதாக இருக்க வேண்டும். தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நம்ப முடியாதவர்கள், சுவர்க் காலண்டரில் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைக்கலாம். கல்யாணத் தேதியையும் எல்.ஐ.ஸி. தவணையையும் குறிக்கும் காலண்டரில் இதற்கும் இடம் உண்டு.

விற்பவர்கள் கட்டணத்தோடு ஒட்டவைக்கும் சில்லறைச் சாமான்களையும் கவனிக்க வேண்டும். வலைத்தளத்தின் வாசலில் காணும் சிறு பூட்டுச் சின்னத்துக்கு உரிய சான்றிதழைத் தனி விலை வைத்து விற்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கமற்ற ஏற்பாடு 2015 டிசம்பர் முதல் அதனை எல்லோருக்கும் இலவசமாகவே வழங்குகிறது. சிறு தளத்துக்கு அது முற்றும் போதும். கூடையில் தாமாகவே ஏறி உட்கார்ந்திருக்கும் காப்புச் சேவை, தேடல் சேவை முதலியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது நமது தாய்மார்கள் காட்டும் ஜாக்கிரதை இங்கே பாதி இருந்தால் போதும்.

வாடகை வீடே வேண்டுமென்போர், பலர் கூடி எடுக்கலாம். 1904-இல் திருவல்லிக்கேணியில் சிலர் ஒன்று சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பண்டசாலையைத் தொடங்கியதைத் தமிழ்நாடு அறியும். தனித்தனியே வாங்கினால் விலை அதிகம், சேர்ந்து வாங்கினால் குறைவு என்ற அதே நியாயம் இங்கும் பொருந்தும். ஹோஸ்டிங் திட்டங்கள் பலவற்றில் ஒரே வாடகைக்குப் பல தளங்கள் வைத்துக்கொள்ள இடம் உண்டு. பழைய மாணவர் சங்கமோ, பட்டறைக்காரர்கள் பத்துப் பேரோ சேர்ந்தால், வருஷத்துக்கு 3,000 ரூபாய் வாடகையும் ஆளுக்கு 300 ரூபாயாகிவிடும். மாதம் 25 ரூபாய். பெயர் மட்டும் அவரவர் கையில் தனித்தனியே இருக்கட்டும். கூட்டு பிரிந்தாலும் பெயர் பிரியாது.

கடைசியாக, பிரதி. எந்த வீடும் ஒரு நாள் மூடலாம் என்று எண்ணி, எழுதியவை யாவற்றிற்கும் ஒரு பிரதி நம் வீட்டிலேயே இருக்க வேண்டும். 100 மெகாபைட் சரக்கை வைக்க மிக மலிவான பென்டிரைவ் ஒன்று போதும். இரண்டில் வைத்து ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வைத்தால் உத்தமம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டத்தை நேயர்கள் அறிவார்கள். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய அத்திட்டம், பல தேசத்துத் தமிழன்பர்களின் கூலியில்லா உழைப்பினால் வளர்ந்தது. யாரும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வைத்த விதியே அந்நூல்களுக்குக் காவலாயிற்று. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓலைச்சுவடி. அதைக் கரையான் அரித்தால் போயிற்று. பலவிடத்தில் இருப்பதே நிலைக்கும். தமிழர்களாகிய நாம் இந்தப் பாடத்தை ஏற்கனவே மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கிறோம்.

நாம் மேலே சொன்ன பெண் இந்த வழியிலேயே சென்றாள். யூ.பி.ஐ. மூலம் ஒரு ‘டாட் இன்’ பெயரைத் தன் பெயரிலேயே வாங்கினாள். இலவச இடமொன்றில் நாலு பக்கம் எழுதி, கயிற்றின் கனமும் நீளமும் விலையும் குறித்து, எட்டுப் படங்களைச் சுருக்கி ஏற்றினாள். வருஷச் செலவு பெயருக்கு உரிய தொகை மட்டுமே. தகப்பனார் இப்போது அந்த விலாசத்தைக் கயிற்றுக் கட்டின் அட்டையில் அச்சிட்டிருக்கிறார். வியாபாரம் பெருகுமா என்பது நாரின் தரத்தையும் காலத்தையும் பொறுத்தது. அதற்கு வலைத்தளம் பொறுப்பாளி அன்று. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் விலை கேட்க விரும்பினால், இடைத்தரகரைத் தேடாமல் நேரே கேட்கலாம். அவ்வளவு போதாதா?

சொற்ப வருமானமுள்ளவர் இணையத்தில் இடம் தேடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: பெயர் என் கையில் இருக்கிறதா? அடுத்த வருஷத்துக் கட்டணத்தை என்னிடமுள்ள வழியிலேயே என்னால் செலுத்த முடியுமா? பிரதி என் வீட்டில் இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், வீடு அமெரிக்காவில் இருந்தாலென்ன, மும்பையில் இருந்தாலென்ன? ஏற்கனவே வலைத்தளம் வைத்திருக்கும் நேயர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கால்மணி நேரம் ஒதுக்கி, தங்கள் பெயர் யார் கணக்கில் இருக்கிறது, எந்தத் தேதியில் கெடு முடிகிறது என்று பார்த்துவிடுவது நலம். தேதி தெரிந்தவுடன் காலண்டரை எடுங்கள்.